வெளிப்பெட்டியில் ஒன்று

பழைய மென்பொருளுக்கு இனி ஆதரவில்லை என்று
மூன்று முறை எச்சரிக்கை வந்தது.
நான்காம் முறை எச்சரிக்கவில்லை.
திறக்கவே மறுத்தது.

அக்டோபர். ஔலுவில் கடல் இன்னும் உறையவில்லை.
கீழே கிடங்கில் ஓஸ்கரி
வெள்ளைப் பாசிக்கு ஈரம் தெளித்து
பெட்டி பெட்டியாக அடுக்கிக்கொண்டிருந்தான்.
ஜெர்மனியில் கல்லறை மலர்வளையங்களுக்கு
நவம்பருக்குள் போய்ச் சேர வேண்டும்.
செத்தவர்களுக்குத் தவணை தவறக்கூடாது;
மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

மேலே, அலுவலக அறையில்,
புதியதை இறக்கி நிறுவினேன்.
பெயர் கேட்டது: டூலிக்கி கர்ஹுமா.
கடவுச்சொல் கேட்டது.
நான் மறந்துபோன இன்னொரு கடவுச்சொல்லையும் கேட்டது.
பழைய அஞ்சல்களைக் கொண்டுவரவா?
கொண்டுவா என்றேன், யோசிக்காமல்.

நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு.
ஒரு நீலக்கோடு இடமிருந்து வலமாக
நகர்வதுபோலவும் நகராததுபோலவும் இருந்தது.
காப்பி வைக்கக் கீழே போனேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும்.
பழைய திரையின் கீழ்மூலையில், இடப்பக்கம்,
சாம்பல் எழுத்தில் ஒரு வரி உண்டு:
அனுப்பப்படாதது: 1.
பதினான்கு ஆண்டுகளாக.
மூக்குக் கண்ணாடியில் விழுந்த கீறல் மாதிரி
அதோடு சேர்த்தே எல்லாவற்றையும் பார்த்துப் பழகியிருந்தேன்.

ப்ரேமனில் இருக்கும் டெட்லெஃப் ப்ரூகமனுக்கு
இரவு ஒன்றரைக்கு எழுதியது.
எழுபது பெட்டி வாங்கிக்கொண்டு
எடை குறைகிறதென்று பன்னிரண்டுக்குப் பணம் தரவில்லை.
"உங்கள் தராசு பொய் சொல்கிறது,
இல்லையென்றால் நீங்கள்.
எது என்று தராசையே கேட்டு எழுதவும்."
சாட்சிக்கு என் தராசின் ஒன்பது படங்கள்.
படங்கள் கனம் என்று அனுப்ப மறுத்தது அது.
விடிந்தபோது கோபம் கொஞ்சம் இளைத்திருந்தது.
அனுப்பவுமில்லை, அழிக்கவுமில்லை.
சரக்கை மட்டும் நிறுத்தினேன்.
அவர் இரண்டு முறை கேட்டார்.
இந்த ஆண்டு பாசி இல்லை என்று எழுதினேன்.
ஹைலுவோட்டோ தீவு முழுக்க
கண் கூசக் கிடந்தது பாசி.

புதியதற்குக் கனம் ஒரு பொருட்டே இல்லை.
வெளிப்பெட்டியில் ஒன்று கிடக்கக் கண்டது,
கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.
திரும்பப் பெற பத்து விநாடி தருமாம் அது,
பிறகுதான் தெரிந்தது.
அந்தப் பத்து விநாடியில் நான்
தூள் மூன்று கரண்டியா நான்கா என்று
எண்ணிக்கொண்டிருந்திருப்பேன்.

மேலே வந்தால்
எல்லாமே படிக்காததாக, தடித்த எழுத்தில், இன்றைய தேதியில்.
என் விவாகரத்து வக்கீல்
இன்று காலைதான் வருத்தம் தெரிவிக்கிறார்.
மூடிப்போன படகுக் கம்பெனி
இந்தக் கோடைக்குச் சலுகை தருகிறது.
கீழ்மூலை மட்டும் காலி.
முதலில் அங்கேதான் பார்த்தேன்.

மறுநாள் பதில்.

"அதனால்தானா.
தராசு இப்போது என் மகள் தோட்டத்தில்,
மேலே ஒரு தக்காளித் தொட்டி.
அதனிடம் கேட்டேன், ஒன்றும் சொல்லவில்லை.
ஆகவே நான்தான் போலிருக்கிறது.
பன்னிரண்டு பெட்டிக்கு எவ்வளவு?"

அதற்குக் கீழே புதியது
எனக்காக மூன்று பதில்களைத் தயாராக வைத்திருந்தது:
நன்றி!
மிக்க மகிழ்ச்சி!
பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

படிக்கட்டில் நின்று கத்தினேன்:
ஓஸ்கரி, அந்த வருஷம் பெட்டி என்ன விலை?
நான் அப்போது நாலாம் வகுப்பு, என்றான்.

கணக்கு எண்ணைத் தட்டச்சு செய்தேன். அழித்தேன்.
பறித்த இடத்தில் பாசி திரும்ப வளர
ஏழெட்டு வருஷம் ஆகும்;
அவருக்குக் கொடுத்த எழுபது பெட்டியும்
இரண்டாம் முறை வளர்ந்து முடிக்கும் நேரம் இது.
அதையும் எழுதினேன், அழித்தேன்.

கடைசியில் ஒரே வரி:
அந்த ஆண்டு பாசி இருந்தது, ஹெர் ப்ரூகமன்.

அனுப்பு.

பத்து, என்றது திரை.
ஒன்பது.
இந்த முறை நாற்காலியிலேயே இருந்தேன்,
இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு.